நெஞ்சுக் குழாயை எடுக்கும்போது ஏன் வலிக்கிறது? அந்த வலியை எப்படிக் குறைக்கலாம்?

இதயத்திலோ நுரையீரலிலோ அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் ஒருவரிடம் "நாளைக்குக் குழாயை எடுத்துடலாம்" என்று சொன்னால் அது நல்ல செய்தி. கசிவு நின்றுவிட்டது, நுரையீரல் விரிந்துவிட்டது, வீட்டுக்குப் போகும் நாள் நெருங்குகிறது என்று அதற்குப் பொருள். ஆனாலும் பலருக்கு அன்றிரவு தூக்கம் பிடிப்பதில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அலறியது காதில் விழுந்திருக்கும். வலிக்குமா என்று கேட்டால் "ஒண்ணுமில்லை, சில நொடி வேலைதான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

நொடிக் கணக்கு சரிதான். குழாயை உருவும் வேலை ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நொடிகளில் எவ்வளவு வலிக்கும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது: எந்த மருந்து கொடுக்கப்பட்டது, அது எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, நோயாளியிடம் என்ன சொல்லப்பட்டது. "சில நொடிதானே" என்ற எண்ணத்தால் இந்த ஒரு மணி நேரம் வீணாகிப் போகிறது. நோயாளிகளும் உடனிருப்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

குழாய் எங்கே இருக்கிறது, எதற்காக?

நுரையீரலைச் சுற்றி புளூரா எனப்படும் மெல்லிய உறை இரண்டு அடுக்காக இருக்கிறது. உள்ளடுக்கு நுரையீரலோடு ஒட்டியது. வெளியடுக்கு மார்புச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிறிதளவு திரவம் மட்டுமே உண்டு. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினாலும் பிரியாமல் இருப்பதுபோல, இந்த அடுக்குகளும் ஒட்டியபடியே நகர்கின்றன.

அந்த இடைவெளியில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றைவிடக் குறைவு. அமைதியாக மூச்சை விட்டு முடித்த நிலையில் சுமார் 5 செ.மீ. நீர் உயரம் குறைந்திருக்கும். மூச்சை இழுக்கும்போது சுமார் 8 செ.மீ. வரை குறையும், ஆழமாக இழுத்தால் இன்னும் குறையும். நுரையீரல் விரிந்து நிற்பது இந்த எதிர்மறை அழுத்தத்தால்தான். மார்பைத் திறந்து அறுவை செய்யும்போது இந்த ஏற்பாடு கலைகிறது. உள்ளே புகுந்த காற்றும், பிறகு கசியும் இரத்தமும் திரவமும் வெளியேற வழி வேண்டும். அதற்குத்தான் நெஞ்சுக் குழாய். இதய அறுவையில் இதயத்தைச் சுற்றியுள்ள நடுமார்பிலும் ஒன்றிரண்டு குழாய்கள் வைப்பதுண்டு.

குழாயின் பருமனைப் பிரெஞ்சு என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வெளிவிட்டம். பெரியவர்களுக்கு அறுவைக்குப் பின் வழக்கமாக வைக்கும் 28 பிரெஞ்சுக் குழாய் 9 மி.மீ.க்குச் சற்று அதிகம், 32 பிரெஞ்சு ஏறக்குறைய 10.7 மி.மீ. உள்ளே கிடக்கும் நீளம் ஒரு சாணை எட்டலாம். அதன் முனைப் பகுதியில் பக்கவாட்டுத் துளைகள் பல இருக்கும். இந்தத் துளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலி, ஆபத்து இரண்டிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

குழாயின் மறுமுனை, நீருக்குள் 2 செ.மீ. ஆழத்தில் முடியும் ஒரு பாட்டிலிலோ பெட்டியிலோ இணைந்திருக்கும். உள்ளிருந்து காற்று குமிழியாக வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே திரும்ப முடியாது.

எப்போது எடுக்கலாம்?

குழாய் தேவையில்லாமல் உள்ளே இருப்பதும் துன்பமே. விலா இடுக்கில் உரசி வலியைத் தரும், ஆழமாக மூச்சு விடவும் இருமவும் பயப்பட வைக்கும், அதனால் சளி தேங்கும். எடுத்த பிறகு ஓய்வுநேர வலி குறைந்து மூச்சு எளிதாவதைப் பெரும்பாலோர் உணர்கிறார்கள். எடுப்பதற்கு முன் பார்ப்பவை இவை:

1. காற்றுக் கசிவு நின்றிருக்க வேண்டும். இருமச் சொல்லும்போது நீர்ப் பாட்டிலில் குமிழி வரக்கூடாது.
2. எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்க வேண்டும்.
3. வெளிவரும் திரவம் இரத்தமாகவோ சீழாகவோ பால்போன்ற நிணநீராகவோ இருக்கக்கூடாது.
4. திரவத்தின் அளவு குறைந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 200 மி.லி.க்குள் என்பது நெடுநாள் வழக்கம். நுரையீரல் அறுவைக்குப் பின், தெளிந்த திரவமாக இருந்தால் நாளுக்கு 450 மி.லி. வரை வந்தாலும் எடுக்கலாம் என்று ஈராஸ் சங்கமும் (அறுவைக்குப் பின் நோயாளி விரைந்து தேறும் வழிகளை வகுக்கும் அமைப்பு) ஐரோப்பிய மார்பு அறுவை மருத்துவர் சங்கமும் 2019-இல் வெளியிட்ட கூட்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

ஒரே வார்டில் ஒருவருக்கு இரண்டாம் நாளும் இன்னொருவருக்கு ஐந்தாம் நாளும் எடுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தாமதமானாலே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

வலி எங்கிருந்து வருகிறது?

நுரையீரலை ஒட்டிய உள்ளடுக்குக்குக் குத்தும் வலி தெரியாது. வெளியடுக்குக்கு நன்றாகவே தெரியும். விலா எலும்புகளின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடும் விலா இடை நரம்புகள் தோல், தசை, வெளிப்புளூரா மூன்றுக்கும் உணர்வைத் தருகின்றன. குழாய் இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. உருவும்போது நடப்பது என்ன?

1. குழாய் உள்ளே போன சில மணி நேரத்திலேயே அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரதப் படலம் படிகிறது. நாட்கள் போகப் போகத் திசுவோடு ஒட்டிக்கொள்கிறது. பக்கத் துளைகளுக்குள் இரத்தக் கட்டியும் திசுவும் நுழைந்து பிடித்துக்கொள்வதுண்டு. இழுக்கும்போது இந்த ஒட்டுகள் பிரிகின்றன. "உள்ளேயிருந்து எதையோ பிய்ப்பதுபோல்" என்று நோயாளிகள் சொல்வது கற்பனை அல்ல.
2. குழாய் வெளிப்புளூராவையும் விலா இடை நரம்பையும் நெடுக உரசியபடி வெளியே வருகிறது. எரிச்சல் இதிலிருந்து வருகிறது.
3. குழாயின் முனை உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கிடந்தால் வலி தோளில் தெரியலாம். அந்தப் பகுதிக்கும் தோளுக்கும் உணர்வு தரும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே மட்டத்திலிருந்து வருவதே காரணம். முன்பே சொல்லாவிட்டால், "மாரடைப்போ" என்று நோயாளி பதறிவிடுவார்.
4. பிளாஸ்திரியை உரிப்பது, தையலை வெட்டுவது, துளையின் வாயை மூடும் தையலை இறுக்குவது ஆகியவை தோலில் வலிப்பவை. குழாய் போட்டபோது கொடுத்த மரத்துப்போகும் மருந்தின் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.
5. பயத்தில் விலா இடைத் தசைகள் இறுகினால் குழாய் வரும் பாதை குறுகுகிறது, உரசல் கூடுகிறது.

இது எவ்வளவு பெரிய வலி? 2014-இல் வெளியான யூரோபெயின் ஆய்வு 28 நாடுகளில் 192 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 3,851 நோயாளிகளிடம், அங்கே வழக்கமாகச் செய்யப்படும் 12 செயல்களின் வலியைக் கேட்டு அளந்தது. ஊசி குத்துவது, சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மிக அதிக வலி தந்த மூன்றில் நெஞ்சுக் குழாய் எடுப்பதும் ஒன்று. 0 முதல் 10 வரையிலான அளவில் அதன் இடைநிலை மதிப்பெண் 5, பாதிப் பேருக்கு 3-க்கும் 7-க்கும் இடையில். அதாவது ஒருவருக்கு லேசாகவும் அடுத்தவருக்குக் கடுமையாகவும் இருக்கலாம். "எனக்கு ஒன்றுமே தெரியல" என்பவரும் "உயிரே போய் வந்தது" என்பவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அச்சம் வலியை எப்படிக் கூட்டுகிறது?

குழாய் எடுக்கும் முன்பே இருந்த வலியும், அந்த வலி தந்த மனத்துயரமும், அன்று பட்ட மிக மோசமான வலியும், செயலின்போது வலி கூடுவதோடு தொடர்புடையவை என்று அதே ஆய்வு கண்டது. காலையிலிருந்து வலியோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய்க் குழாயை உருவினால், மற்றவர்களைவிட அவருக்கு அதிகம் வலிக்க வாய்ப்புண்டு. அவரது அடிப்படை வலியை முதலில் அடக்கிவிட்டுக் குழாய்க்குப் போவதே முறை.

நோயாளிகள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டால் வலி மட்டும் பதிலாக வராது. "குழாயை எடுத்தால் நுரையீரல் மறுபடி சுருங்கிவிடுமா?", "ஓட்டை அப்படியே திறந்திருக்குமா?", "இரத்தம் பீறிடுமா?", "திடீரென்று இழுத்துவிடுவார்களா?" இவை பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பதில் தெரிந்தவுடன் பாதிப் பயம் தணிகிறது. கடைசிக் கேள்விதான் பலரையும் வாட்டுகிறது. எந்தக் கணத்தில் வலி வரும் என்று தெரியாமல் காத்திருப்பது, வலி வரும் நேரம் தெரிந்து காத்திருப்பதைவிடக் கொடுமை.

அச்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பயந்தவர் குழாய் நகரும் கணத்தில் "ஹா" என்று மூச்சை இழுத்துவிடுவார். அப்போது மார்பின் உள்ளழுத்தம் சட்டென்று இறங்கும், துளை வழியே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படலாம். வலியைத் தணிப்பதும் பயத்தைப் போக்குவதும் கருணைக்காக மட்டும் செய்பவை அல்ல. குழாய் பாதுகாப்பாக வெளியே வருவதற்கே அவை வேண்டும்.

மருந்தும் கடிகாரமும்

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைப் பாருங்கள். காலை 6 மணிக்கு வழக்கமான வலி மருந்து கொடுக்கப்படுகிறது. குழாய் எடுக்க மருத்துவர் வருவது 11 மணிக்கு. பதிவேட்டில் "வலி மருந்து கொடுக்கப்பட்டது" என்றே இருக்கும், உடம்பில் அதன் வேலை தேய்ந்திருக்கும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டே "ஒரு மார்ஃபின் போடுங்க" என்பார், இரண்டே நிமிடத்தில் குழாய் வெளியே வந்துவிடும். மருந்து உச்சத்தைத் தொடும்போது நோயாளிக்கு வலி முடிந்துபோய், மயக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பெரியவர்களுக்கு வழக்கமாகப் பயன்படும் மருந்துகளின் நேரக்கணக்கு இது. அளவுகள் விளக்கத்துக்காக மட்டுமே. வயது, எடை, சிறுநீரகம், மூச்சு நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார்.

1. மார்ஃபின், நரம்பு ஊசி, 2 முதல் 4 மி.கி.: உச்ச விளைவுக்குச் சுமார் 20 நிமிடம். ஊசி போட்டு 20 நிமிடம் கழித்தே குழாய்.
2. ஃபென்டனில், நரம்பு ஊசி, 25 முதல் 50 மைக்ரோகிராம்: ஐந்து நிமிடத்துக்குள் உச்சம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கும். மருத்துவர் எப்போது வருவார் என்று உறுதியில்லாத வார்டுகளில் இது வசதியானது.
3. கீட்டோரோலாக், நரம்பு ஊசி, 30 மி.கி.: சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக. இரத்தக் கசிவு, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆகாது. இதய பைபாஸ் அறுவையை ஒட்டிய காலத்தில் இந்த வகை மருந்துகளைத் தரக்கூடாது என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தின் விவரச்சீட்டிலேயே கட்டம் கட்டிப் போட வைத்திருக்கிறது.
4. பாராசிட்டமால் 1 கிராம்: நரம்பு வழியாக 15 நிமிடத்தில் ஏற்றுவார்கள். வாய்வழி என்றால் ஒரு மணி நேரம் முன்பு. இது அடித்தளம், தனியாகப் போதாது.
5. வாய்வழி மார்ஃபின் அல்லது டிராமடால்: ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு.
6. லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த மரத்துப்போகும் களிம்பு: காற்றுப் புகாத மூடியின்கீழ் குறைந்தது ஒரு மணி நேரம். தோலுக்கு மட்டும் உதவும், புளூரா வரை போகாது.
7. லிடோகெயின் 1 சதவீத ஊசி, துளையைச் சுற்றி: தையல் வெட்டுவது, இறுக்குவது ஆகியவற்றின் வலிக்கு நல்லது. போட்ட சில நிமிடத்தில் மரத்துவிடும். ஊசி குத்தும் வலி ஒன்று கூடும் என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். புதிதாகத் தையல் போட வேண்டியிருந்தால் தவிர்ப்பது நியாயமில்லை.

2004-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நேரக்கணக்கைச் சோதித்தது (மேலே சொன்ன பைபாஸ் எச்சரிக்கை வருவதற்கு முந்தைய காலம் அது). இதய அறுவை செய்துகொண்ட 74 பேரில் ஒரு பகுதியினருக்கு 4 மி.கி. மார்ஃபின் 20 நிமிடம் முன்பும், மற்றவர்களுக்கு 30 மி.கி. கீட்டோரோலாக் 60 நிமிடம் முன்பும் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் வலி குறைவாகவே இருந்தது, மயக்கமும் தொந்தரவாக இல்லை. எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பது முக்கியம் என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

யூரோபெயின் ஆய்வில் ஒரு புதிர் இருக்கிறது. செயலுக்கென்றே ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் வகை) மருந்து பெற்றவர்களிடம் வலி கூடுதலாகக் காணப்பட்டது. "அப்படியானால் மார்ஃபின் வீண்தானே" என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அது நடப்பதைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. அதிகம் வலிக்கும் என்று தோன்றியவர்களுக்கே மருந்து போயிருக்கலாம். போதாத அளவில், பொருந்தாத நேரத்தில் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

முதுகுத் தண்டருகே எபிடியூரல் வழியாகவோ விலா நரம்புகளுக்கு அருகில் வைத்த நுண்குழாய் வழியாகவோ மருந்து ஓடிக்கொண்டிருந்தால், வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நெஞ்சுக் குழாய், அதன் பிறகே வலி மருந்துக் குழாய். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கும் அவசரத்தில் இது தலைகீழாகிவிடுவதுண்டு. அது முற்றிலும் தவிர்க்கக்கூடிய வலி.

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிப்பாதி கலந்த வாயு வேறு பல சிறு செயல்களில் நன்றாக உதவும். இங்கே எச்சரிக்கை தேவை. மார்பில் அடைபட்ட காற்று மிச்சமிருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு அதற்குள் பரவி அதைப் பெரிதாக்கிவிடும்.

ஓபியாய்டு கொடுத்த பிறகு மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் பார்க்க வேண்டும். வலி இருக்கும்வரை அது நோயாளியை விழித்திருக்க வைக்கும். குழாய் வந்து வலி அடங்கியதும் மயக்கம் ஆழமாகலாம். எடுத்த பிறகும் அரை மணி நேரமாவது கண்காணிப்பது இதனால்தான்.

மருந்தோடு சேர்த்துச் செய்யக்கூடியவை

மெதுவாக ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சியை ஓபியாய்டோடு சேர்த்துச் செய்த பைபாஸ் நோயாளிகளுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட வலி குறைந்ததாக 2006-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மூக்கால் மெல்ல இழுத்து, வாயைக் குவித்து அதைவிட மெல்ல வெளியே விடுவதுதான் பயிற்சி. செலவில்லாதது, கெடுதி செய்யாதது. குழாய் எடுக்கச் சில நிமிடம் முன்பே தொடங்கி, பிறகும் தொடரலாம். உருவும் கணத்தில் மட்டும் மருத்துவர் சொல்லும் மூச்சுக்கு மாற வேண்டும்.

துளையைச் சுற்றி 10 முதல் 20 நிமிடம் ஐஸ் பொதி வைப்பதைப் பற்றிய ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் வலி குறைந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. துணி சுற்றி வைத்தால் தோலுக்குக் கெடுதல் இல்லை என்பதால், நோயாளி விரும்பினால் செய்யலாம். மருந்துக்குப் பதிலாக அல்ல. இசையும் சிலருக்கு மனத்தைத் திருப்ப உதவும்.

என்ன சொல்ல வேண்டும்?

விளக்கத்தில் இரண்டு பகுதி உண்டு. என்ன செய்யப்போகிறோம் என்பது ஒன்று, உடம்புக்கு எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. பெரும்பாலும் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். செவிலியர் ஒருவர் இப்படிச் சொன்னால் போதும்:

"அம்மா, வலிக்கு ஊசி போட்டு இருபது நிமிஷம் ஆச்சு. இப்போ கட்டைப் பிரிக்கிறேன், பிளாஸ்திரி உரியும்போது தோல் கொஞ்சம் இழுக்கும். அப்புறம் தையலை வெட்டுவோம். குழாய் வெளியே வரும்போது உள்ளேயிருந்து உருவுற மாதிரி இருக்கும், எரியும். ஒண்ணு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள வந்துரும். மூச்சைப் பிடிங்கன்னா பிடிங்க, விடுங்கன்னா விடுங்க. சொல்லாம இழுக்க மாட்டோம்."

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தப் பொய் இரண்டு நொடியில் உடைந்துவிடும். அதன் பிறகு நோயாளி எதையும் நம்பமாட்டார். மேலே சொன்ன 2004 ஆய்வில், உணர்வு பற்றிய விளக்கத்தைக் கூடுதலாகக் கேட்டவர்களுக்கு வலி மதிப்பெண் மேலும் குறையவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விளக்கம் மருந்தின் வேலையைச் செய்யாது. பயத்தைக் குறைத்து, சரியான கணத்தில் சரியான மூச்சை வரவைப்பதே அதன் பயன்.

நோயாளியோ உடனிருப்பவரோ முந்தின நாளே கேட்டுவைக்க வேண்டியவை: குழாய் எத்தனை மணிக்கு எடுப்பீர்கள்? அதற்கென்று தனியாக வலி மருந்து உண்டா, எத்தனை நிமிடம் முன்பு? வேலை தாமதமானால் மருந்தை மறுபடி கொடுப்பீர்களா? இவற்றைக் கேட்பது தொந்தரவு இல்லை, உரிமை.

எடுக்கும் முறை, படிப்படியாக

1. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார வைப்பார்கள். குழாய் உள்ள பக்கத்துக் கையை மேலே தூக்கி வைத்தால் விலா இடைவெளி விரியும்.
2. உறிஞ்சும் கருவியை நிறுத்தி, கடைசியாக ஒருமுறை இருமச் சொல்லிக் கசிவு இல்லை என்று உறுதி செய்வார்கள்.
3. மூச்சை இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகை இல்லாமல் நேரே "பிடிங்க" என்றால் பலர் குழம்பி மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.
4. கட்டைப் பிரித்து, தோலைச் சுத்தம் செய்து, குழாயைப் பிடித்திருக்கும் தையலை வெட்டுவார்கள். துளையின் வாயை மூடும் தையலை வெட்டிவிடாமல் தனியே பிரித்துவைக்க வேண்டும்.
5. ஒருவர் குழாயைப் பிடிப்பார், இன்னொருவர் தையல் நூலின் இரு முனைகளையும் பிடிப்பார். இது இருவர் வேலை.
6. ஆழ்ந்து இழுத்து மூச்சைப் பிடித்து முக்கும்படியோ, மூச்சை முழுதாக விட்டு அந்த இடத்தில் நிறுத்தும்படியோ சொல்வார்கள். எது மேல் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டின் நோக்கமும் குழாய் வரும் கணத்தில் நோயாளி மூச்சை உள்ளிழுக்காமல் இருப்பதுதான்.
7. அந்த நிலையிலேயே ஒரே சீரான, விரைவான அசைவில் குழாய் வெளியே வரும். பாதியில் நிறுத்தக்கூடாது. பக்கத் துளைகளில் ஒன்று தோலுக்கு வெளியேயும் மற்றவை மார்புக்குள்ளேயும் இருக்கும் அந்தக் கணத்தில் குழாயே காற்றுப் புகும் வழியாகிவிடும்.
8. உடனே தையலை இறுக்கி, வாஸ்லின் தடவிய துணி வைத்துக் காற்றுப் புகாமல் மூடுவார்கள். அப்புறம்தான் "விடுங்க".
9. வெளியே வந்த குழாயின் முனையும் துளைகளும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

சுருக்குப் பை வாய்போல் சுற்றிப் போடும் தையலைச் சில வழிகாட்டுதல்கள் விரும்புவதில்லை. நீளமான காயத்தை அது வட்டமாகச் சுருக்கி, வலியையும் அழகற்ற தழும்பையும் தரும். காயத்தின் இரு ஓரங்களையும் நேராகச் சேர்த்துப் பிடிக்கும் மெத்தைத் தையலில் அந்தத் தொல்லை குறைவு.

எது தவறலாம்?

நுரையீரலைச் சுற்றி மறுபடி காற்றுச் சேர்வதுதான் முதன்மையான ஆபத்து. பெரும்பாலும் சிறிதளவாக இருக்கும், கவனித்திருந்தாலே உடல் உறிஞ்சிக்கொள்ளும். பெரிதானாலோ மூச்சுத் திணறினாலோ மறுபடி குழாய் வைக்க நேரும். எடுத்த சில மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பது இதைப் பார்க்கத்தான்.

இழுக்கும்போது குழாய் நகராவிட்டால் பலத்தைக் கூட்டக்கூடாது. வெட்டப்படாத தையல் தோலுக்கடியில் பிடித்திருக்கலாம். அரிதாக, அறுவையின்போது உள்ளே போட்ட தையலிலேயே குழாய் மாட்டியிருக்கும். பிடித்து இழுத்தால் குழாய் முறிந்து துண்டு உள்ளே தங்கலாம், இரத்தம் கசியலாம். நிறுத்தி, படம் எடுத்து, தேவைப்பட்டால் அறுவை அரங்கில் எடுப்பதே சரி. சிலருக்கு வலியிலோ பயத்திலோ நாடித் துடிப்பு இறங்கித் தலைசுற்றும். உட்கார்ந்த நிலையிலிருந்து உடனே சாய்த்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பேச முடியாதவர்களும் குழந்தைகளும்

வென்டிலேட்டரில் இருப்பவர் 0 முதல் 10 வரை எண் சொல்ல முடியாது. முகச்சுளிப்பு, உடலசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா என்ற நான்கையும் பார்த்து 0 முதல் 8 வரை மதிப்பெண் இடும் சிபிஓடி என்ற அளவுகோல் உண்டு. வாய்திறந்து சொல்லவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று ஆகாது. மயக்க மருந்து ஓடுகிறது என்பதாலும் வலி மருந்தை விட்டுவிடக்கூடாது. மிடசோலம் போன்றவை தூங்க வைக்குமே தவிர வலியைப் போக்காது.

சிறு குழந்தைகளிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லி வேலை நடக்காது. களிம்பு, வலி மருந்து, தேவையானால் கண்காணிப்போடு மயக்கம், அருகில் தாயோ தந்தையோ. இவை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் முன்பே திட்டமிட வேண்டும்.

எடுத்த பிறகு

இழுத்த வலி சில நிமிடங்களில் தணிய வேண்டும். அரை மணி கழித்தும் கடுமையாக இருந்தால் சொல்லுங்கள். கட்டு ஓரிரு நாள் பிரிக்காமல் இருக்கும். துளையிலிருந்து இளமஞ்சள் நிறத் திரவம் கொஞ்சம் கசிந்து கட்டை நனைப்பது சாதாரணம். தையலை வழக்கமாக 5 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். உடனே தெரிவிக்க வேண்டியவை: கூடிக்கொண்டே போகும் மூச்சுத் திணறல், மார்பில் புதிதாகக் குத்தும் வலி, தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு, கட்டு இரத்தத்தில் நனைவது, சீழ், காய்ச்சல். விமானப் பயணம் எப்போது என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

இன்னொரு குழாய் மிச்சமிருந்தால்

இதய அறுவைக்குப் பின் இரண்டு மூன்று குழாய்கள் இருப்பது வழக்கம். எல்லாம் ஒரே நாளில் வராமல் போகலாம். முதல் குழாய் கடுமையாக வலித்திருந்தால், அடுத்ததை நோயாளி இன்னும் இறுகிய உடலோடு எதிர்கொள்வார். அதனால் முதல் குழாயை எடுத்தவுடன் வலி எத்தனை என்று கேட்டு, கொடுத்த மருந்து, அளவு, கொடுத்த நேரம், எடுத்த நேரம் ஆகியவற்றோடு பதிவேட்டில் எழுத வேண்டும். மதிப்பெண் 7 என்றால் அடுத்த குழாய்க்கு அளவைக் கூட்டலாமா, மருந்தை மாற்றலாமா, மருந்துக்கும் இழுப்புக்கும் இடையே எத்தனை நிமிடம் போனது என்று அந்த வரியைப் பார்த்து மருத்துவர் முடிவெடுக்க முடியும். எழுதப்படவில்லை என்றால் நோயாளியே சொல்லலாம்: "போன தடவை ரொம்ப வலிச்சது, இந்தத் தடவை மருந்து போட்டு இருபது நிமிஷம் கழிச்சு எடுங்க."